கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கிக் குடியேறலாமா? ஊர் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறதா?

சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம், கையில் இருக்கும் பணத்துக்குச் சென்னைக்குள் ஒன்றும் அமையவில்லை, தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் இருக்கிற கூடுவாஞ்சேரி கூடுவாஞ்சேரி என்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2008 முதல் இங்கேதான் இருக்கிறேன். தாராளமாக வரலாம். ஆனால் எந்த நகர், எந்தத் தெரு, அந்தத் தெரு முன்பு என்னவாக இருந்தது என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். மாமனார் தொண்ணூறுகளில் இங்கே அரை கிரவுண்ட் வாங்கிப் போட்டிருந்தார். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து அதில் வீடு கட்டி வந்தோம். அப்போது இது பேரூராட்சி. எங்கள் தெருவில் ஆறு வீடுகள்தான், மீதி மனைகளெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தன. தெருவிளக்கு கிடையாது. தி. நகரில் வேலை முடிந்து ஏழரை மணி வண்டியில் இறங்கினால் என் கணவர் டார்ச் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பார். மளிகைக்கு மார்க்கெட் வரை போக வேண்டும், உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் தாம்பரம்தான். இன்றைக்கு அதே தெருவில் காலி மனை ஒன்றுகூட இல்லை. மூன்று மாடிக் குடியிருப்புகள், பால் பூத், மருந்துக்கடை, கோச்சிங் சென்டர் எல்லாம் வந்துவிட்டன. வளர்ந்திருக்கிறதா என்றால், கண்ணெதிரே வளர்ந்தது.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் ரயில் என்றுதான் நான் சொல்லுவேன். சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜிஎஸ்டி நெடுஞ்சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின நாள் அது நகராது, சாதாரண வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். ரயிலில் மாம்பலத்துக்கு ஐம்பது நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. வடக்கே சென்னை வேலைகள், தெற்கே பொத்தேரி கல்லூரிகள், மறைமலை நகர் தொழிற்சாலைகள், பரனூர் மகேந்திரா சிட்டி, எல்லாம் ஒரே தண்டவாளத்தில். ஒரு வீட்டில் ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் வேலைக்குப் போவது இங்கே சர்வசாதாரணம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் கணவருக்கு மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. 2021 இல், மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, அங்கே வேலை பார்க்காதவர்கள் வீட்டிலும் கலக்கமாக இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் இரண்டு குடும்பங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

ஒன்றைக் கணக்கில் வையுங்கள். தாம்பரத்தோடு திரும்பிவிடுகிற லோக்கல்கள்தான் அதிகம், செங்கல்பட்டு வண்டிகள் குறைவு. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத்தான் காலையில் அடுப்பையே பற்றவைப்போம். பீக் அவரில் பெண்கள் பெட்டியில் ஏறுவதும் சுலபமில்லை.

2021 இல் எங்கள் ஊர் நந்திவரம்–கூடுவாஞ்சேரி என்ற பெயரில் நகராட்சியானது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 44 ஆயிரம் பேர். அடுத்து 2021 இல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை, அதனால் இன்றைய எண்ணிக்கையை நான் சொல்லப் போவதில்லை, ஸ்டேஷனில் எட்டு மணிக்கு வந்து நின்று பாருங்கள். நகராட்சி ஆனதும் முதலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வரிதான். 2022 இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரியை மாற்றினார்கள், நகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. எனக்கு அதில் வருத்தமில்லை. வரி கட்டுகிற ஊருக்குத்தான் கேட்கிற உரிமை இருக்கிறது. 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு வார்டு கவுன்சிலரிடம் நேரில் போய்ப் பேச முடிகிறது, குப்பை வண்டி தெருவுக்குள் வருகிறது, எல்இடி விளக்கு எரிகிறது. பக்கத்து ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அடுக்குமாடிகளால் நிறைந்து ஒரு நகரம் மாதிரி ஆன பிறகும் வெகுகாலம் ஊராட்சியாகவே இருந்தது. ஒரு கிராமத்துக்குரிய ஆட்களையும் பணத்தையும் வைத்துக்கொண்டு அத்தனை வீட்டுக் குப்பையையும் யார் அள்ள முடியும்?

சரி, தண்ணீருக்கு வருகிறேன். நீங்கள் முழுசாகப் படிக்க வேண்டியது இந்தப் பகுதிதான்.

நாங்கள் அஸ்திவாரம் தோண்டிய சமயத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் தினமும் வந்து பார்ப்பார். முன்பு இந்த ஊரில் பயிர் வைத்தவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இது ஏரிக்குக் கீழ் கழனிம்மா. மதகைத் திறந்தா முதல்ல நனையறது இதுதான். இன்னும் ரெண்டடி தூக்கிக் கட்டச் சொல்லு உங்க வீட்டுக்காரர்கிட்ட" என்றார். நான் சொன்னேன். இரண்டு அடி என்றால் எத்தனை லோடு மண், எவ்வளவு செங்கல் என்று மேஸ்திரி கணக்குப் போட்டுக் காட்டியதும், கையில் பணம் இல்லாததால் விட்டுவிட்டோம். ஏழு வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2015 நவம்பரிலேயே தெருவில் கணுக்கால் அளவு நின்றது. டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு படித்தோமே அந்த ராத்திரி, பின்கதவு வழியாக வீட்டுக்குள் வந்தது. முழங்கால் வரை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம். ஃபிரிட்ஜ், அம்மா கொடுத்த தையல் மிஷின், பெட்டியில் இருந்த கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. அந்தப் பெரியவர் வீட்டு வாசற்படியைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. அவர் மேட்டில் கட்டியிருந்தார்.

அதற்கப்புறம்தான் நான் இந்த ஊரின் ஏரிகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை இல்லை. ஒன்று நிரம்பினால் கலங்கல், அதாவது உபரி நீர் வழிகிற இடம், வழியே வழிந்து வாய்க்காலில் ஓடி அடுத்ததற்குப் போகும். நந்திவரம் ஏரியின் உபரித் தண்ணீர் ஊரப்பாக்கம், ஆதனூர் பக்கமாகப் போய்க் கடைசியில் அடையாற்றில் சேர்கிறது. நீங்கள் சைதாப்பேட்டைப் பாலத்தில் பார்க்கிற அதே அடையாறுதான். ஏரிக்குக் கீழே, ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டுக் கழனிகளைத்தான் முதலில் மனை போட்டு விற்றார்கள், ஏனென்றால் அது சமதளம், கல் ஊன்றுவது சுலபம். கழனிக்கு நடுவே போன வாய்க்கால் லேஅவுட்டில் இருபதடி ரோடாக மாறிவிட்டது. மழைக்கு அந்த விவரம் தெரியாது, பழைய வழியிலேயே வருகிறது. வடிகால் கட்டினாலும் அது போய்ச் சேர வேண்டிய வாய்க்கால் திறந்திருந்தால்தான் பயன். எங்கள் தெருவில் வடிகால் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் கடைசி முப்பதடியை இணைக்காமல் விட்டுப் போனதால் ஒரு முழு மழைக்காலம் அதில் கொசுதான் வளர்ந்தது. பெண்களாகச் சேர்ந்து மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அலைந்த பிறகுதான் அது சேர்ந்தது.

அதனால் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு அ-பதிவேட்டில், அதாவது நிலத்தின் வகையைச் சொல்கிற அரசுப் பதிவேட்டில், அந்த நிலம் நன்செய்யா (தண்ணீர் பாய்ந்த கழனி) புன்செய்யா (மழையை நம்பிய நிலம்) என்று பாருங்கள், அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. நன்செய் என்று இருந்தால் வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அஸ்திவாரத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில், அதாவது அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில், வாய்க்கால், ஓடை, ஏரிப் புறம்போக்கு எங்கே போகிறது என்று, உங்களுக்குத் தெரிந்த ஒரு சர்வேயரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று புரோக்கர் சொல்வார், அதில் தண்ணீர் போகிற வழி இருக்காது. அங்கீகாரமும் முக்கியம். இந்தப் பக்கத்துப் பழைய லேஅவுட்டுகளில் அங்கீகாரம் இல்லாதவை நிறைய. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவற்றைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு எத்தனையோ பேர் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த மனையை விற்க முடியாமல் தவித்தார்கள். 2017 இல் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு அதில் வழி இருந்தது. நீங்கள் பார்ப்பது பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவின் நகலைக் கேளுங்கள், "அப்ளை பண்ணியிருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

குடிதண்ணீர், கழிவுநீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, குளிக்கத் துவைக்க ஆகும், சோற்றுக்குக் கேன்தான். மே மாதத்தில் லாரித் தண்ணீரும் வாங்குவோம். கழிவுக்கு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும், மழைக்காலத்தில் தானாகவே நிரம்பும். அடுக்குமாடி என்றால் எத்தனை வீட்டுக்கு எவ்வளவு பெரிய டேங்க், எத்தனை நாளுக்கு ஒருமுறை லாரி வருகிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடமே கேளுங்கள், விற்கிறவரிடம் வேண்டாம்.

கிளாம்பாக்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள். எனக்குத் திருச்சிதான் அம்மா வீடு, முன்பு கோயம்பேடு போய் ஏறி அதே ஜிஎஸ்டியில் எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற கொடுமை இப்போது இல்லை. ஆனால் அதை வைத்து எங்கள் தெருவில் வாடகையை ஏற்றிவிட்டார்கள். வீட்டுவேலைக்கு வருகிற அக்கா இன்னும் உள்ளே, நெல்லிக்குப்பம் ரோட்டில் வெகுதூரம் தள்ளிப் போய்க் குடியிருக்கிறார், பஸ் பிடித்து வருகிறார். ஊர் பெரிதானதில் அவருக்குக் கிடைத்தது அந்த பஸ் செலவு. இதை நினைக்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன். 2015 இல் எங்களுக்கு இட்லி அவித்துக் கொடுத்த எதிர் வீட்டுக்காரர்கள், மனுவில் கையெழுத்துப் போட்ட முப்பத்தெட்டுப் பேர், சாயங்காலம் ஏரிக்கரையில் வருகிற காற்று, எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. 2019 இல் கடன் வாங்கித் தரையை இரண்டரை அடி உயர்த்தினோம், 2021 மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் நின்றது, உள்ளே வரவில்லை.

இடம் பார்க்க வருவதாக இருந்தால் ஏப்ரலில் வராதீர்கள். ஐப்பசி கார்த்திகையில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, புரோக்கர் இல்லாமல் ரயிலில் வாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் முனைக்கு முனை நடந்து பாருங்கள்.