அவன் பக்கத்தில் நிற்பது ஆபத்தா?

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் ஒரு மாதமாக 'ருரோனி கென்ஷின்' என்ற ஜப்பானிய அனிமே பார்க்கிறார்கள். "அந்த வாள்வீரன் பக்கத்துல நின்னா யாரும் கிட்ட வர முடியாது" என்கிறான் 12 வயது மகன். "அவன் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் முதல் அடி" என்கிறாள் ப்ளஸ் ஒன் படிக்கும் மகள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் இதே சண்டை. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். எனக்கோ அதில் யார் யார் என்றே தெரியாது.
- ஒரு அப்பா, திண்டுக்கல்

பதில்: நான் உங்கள் மகள் கட்சி. ஆனால் அவன் பக்கத்தில் ஆபத்தில்லை என்று மகன் நினைப்பதையும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் கென்ஷின் என்கிற அந்த வாள்வீரனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. துணி துவைப்பான், திட்டினால் திருதிருவென்று விழிப்பான். அவன் வாளில் கூர்மை இருக்க வேண்டிய பக்கம் மொக்கை. கூர்மை உள்பக்கம், அவனையே பார்த்தபடி இருக்கும். இனி யாரையும் கொல்வதில்லை என்று அவன் எடுத்த முடிவுக்கு அடையாளம் அது.

அப்படிப்பட்டவனால் என்ன ஆபத்து? அவனுடைய பழைய கணக்குதான். கதை நடப்பது 1878-இல், டோக்கியோவில். அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பு, பதின்வயதிலேயே, கியோட்டோவில் அரசியல் எதிரிகளை வெட்டிச் சாய்க்கும் வேலை பார்த்தவன். 'பட்டோசாய்' என்ற அவன் பட்டப்பெயரைச் சொன்னாலே ஊர் நடுங்கும். காவோரு என்ற பெண் நடத்தும் வாள்பயிற்சிக் கூடத்துக்கு அவன் வருவதற்கு முன்பே அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிடுகிறது. எவனோ ஒருவன் அதைச் சொல்லிக்கொண்டு ஆட்களை வெட்டுகிறான், போதாததற்குத் தான் காவோருவின் பயிற்சி முறையைச் சேர்ந்தவன் என்றும் சொல்கிறான். மாணவர்கள் ஒருவர்விடாமல் ஓடிவிடுகிறார்கள். ஆள் வரவே இல்லை, பெயருக்கே இந்தக் கதி!

அப்புறம் ஜின்-எ என்ற இன்னொரு வாள்வீரன். இவனுக்குக் கென்ஷின் மேல் பகை கிடையாது. பழைய கொலைகாரனோடு ஒருமுறை மோத வேண்டும், அவ்வளவுதான். சாதுவாகிவிட்டவனை எப்படிச் சீண்டுவது? காவோருவைத் தூக்கிக்கொண்டு போகிறான், பார்வையாலேயே அவள் மூச்சை முடக்குகிறான். அவள் செய்த குற்றம், கென்ஷினுக்குத் தங்க இடம் கொடுத்தது.

அந்தக் காட்சியை ஜப்பானிய ஒலியிலேயே கேட்கச் சொல்லுங்கள். கென்ஷின் வழக்கமாகத் தன்னை 'செஷ்ஷா' என்பான், நம் 'அடியேன்' மாதிரி பழங்காலப் பணிவு. கோபம் முற்றியதும் அது 'ஓரே' ஆகிவிடும், முரட்டுத்தனமான 'நான்'. வாள் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், அந்த ஒரு சொல் மாறினால் போதும், எனக்கு முதுகு சில்லிடும். ஜின்-எவை அவன் கொல்லப்போகும் நேரத்தில் காவோரு மூச்சை மீட்டுக்கொண்டு கத்தித்தான் அவனைத் தடுக்கிறாள். ஆக, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அடி வாங்குவதோடு முடியவில்லை, அவனைப் பிடித்து நிறுத்துகிற வேலையும் அவர்கள் தலையில்தான்.

சைட்டோ ஹஜிமே என்று ஒருவன் வருவான். நிஜ வரலாற்றிலும் இருந்த வீரன், பிற்காலத்தில் போலீஸ் வேலை பார்த்தவன். கதையில் மருந்து விற்பவன் வேடத்தில், கென்ஷின் இல்லாத நேரமாக வீட்டுக்கு வருகிறான். தோளில் வாள் பாய்ந்து விழுவது கென்ஷினின் நண்பன் சனோசுகே. அதைவிடக் கொடுமை, மங்காவில், அதாவது மூலப் படக்கதையில், இவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாட்டுக்கறிக் கடையை எதிரிகள் பீரங்கி வைத்துத் தகர்ப்பது. சோறு போட்டது ஒரு தப்பா?

ஒன்று மட்டும் உங்களுக்கு. கென்ஷினுடைய இளமைக்கால மனைவி தோமோயேயின் கதை 1999-இல் தனித் தொடராக வந்தது. குறுக்கே பாய்ந்தவளை அவன் வாளே வெட்டிவிடுகிறது, பனியில் ரத்தம். மனதைப் பிசையும் படம்தான், ஆனால் மகனுக்கு இப்போது வேண்டாம். மகள் பார்க்கட்டும், முடிந்தால் நீங்களும் கூட உட்காருங்கள்.

உங்கள் மகனிடம் சொல்ல வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது: கென்ஷினே. 1878 மே 14 அன்று அமைச்சர் ஒகுபோ தோஷிமிச்சி கொலையாகிறார். இது நிஜ வரலாறு, கதை அதை எடுத்துக்கொண்டு கொலையாளியை மட்டும் மாற்றிக்கொள்கிறது. அந்தக் கொலைக்குப் பின்னால் இருப்பவனைத் தடுக்க, அன்றிரவே மின்மினிகள் பறக்கும் இடத்தில் காவோருவிடம் விடைபெற்றுக் கென்ஷின் கியோட்டோ கிளம்புகிறான். கூட யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. தன்னால் அவர்களுக்கு என்ன வரும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

சரி, மகள் ஜெயித்துவிட்டாள் என்று உடனே அறிவித்துவிடாதீர்கள். சில நாள் படுக்கையை விட்டு எழாமல் கிடந்த காவோரு, பிறகு கப்பலேறி அவனைத் தேடிக் கியோட்டோவுக்கே போகிறாள். மூச்சை முடக்கிய அனுபவமெல்லாம் பட்ட பிறகுதான் போகிறாள். அவள் ஏன் போனாள் என்று இன்றைக்குச் சாப்பாட்டில் கேட்டுப் பாருங்கள். உங்கள் மகள் இதற்கு என்ன சொல்கிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.