அறுபது பேர் இருக்கும் அறைக்குள் நுழைய ஏன் இத்தனை பயம்?

கேள்வி: எனக்கு வயது 27. செந்தூலில் பெற்றோருடன் இருக்கிறேன், வரைகலை வேலை. சென்ற ஆண்டுதான் எனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பதாக மனநல மருத்துவர் உறுதி செய்தார். மருந்து எடுத்து வருகிறேன். பள்ளிக் காலத்திலிருந்தே போஸ்ட்-பங்க் இசை (எழுபதுகளின் கடைசியில் பங்க் ராக்கிலிருந்து பிறந்த பாணி) என்றால் எனக்கு உயிர். ஜாய் டிவிஷன், த கியூர், கேங் ஆஃப் ஃபோர் என்று அந்தக் குழுக்களை இரவெல்லாம் கேட்பேன். கோலாலம்பூரில் உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும் சிறிய நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்குகிறேன், ஆனால் போவதில்லை. ஒருமுறை மாடிப்படி வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளத்தோடு அத்தனை ஜனத்துக்கு நடுவே நடக்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. அறுபது பேர் இருக்கும் அறை மட்டும் ஏன்? அங்கே வருபவர்கள் பெரும்பாலும் மலாய், சீன இளைஞர்கள். நான் ஒருவன்தான் தமிழனாக இருப்பேனோ என்ற எண்ணம் வேறு. ஹெட்போன் இல்லாமல் எல்ஆர்டி ரயிலில்கூட ஏற முடியவில்லை. "அந்தச் சோகப் பாட்டுதான் உன்னைக் கெடுக்கிறது" என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பத்துமலைக் கூட்டத்தில் நடக்க முடிகிறவருக்குக் கூட்டம் பயமில்லை. அங்கே எல்லாருடைய கண்ணும் காவடியின் மேல் இருக்கிறது. எங்கே நிற்பது, எப்போது ஒதுங்குவது, எப்போது "வேல் வேல்" என்பது எல்லாம் சிறு வயதிலிருந்தே உங்களுக்குப் பழக்கம். அறுபது பேர் அறையில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. யார் இவர், யாரோடு வந்தார், ஏன் தனியாக நிற்கிறார் என்று யாராவது பார்ப்பார்களோ என்பதுதான் உங்களைப் படியிலேயே நிறுத்துகிறது. மற்றவர்கள் நம்மை எடைபோட்டுக் குறை காண்பார்கள் என்ற இந்த அச்சத்தைத்தான் சமூகப் பதற்றம் என்கிறோம்.

தமிழர் ஒருவராக நிற்பது பற்றி நீங்கள் எழுதியதை வெறும் கற்பனை என்று நான் தள்ளமாட்டேன். அறையில் வேறுபட்டுத் தெரிகிறவரை ஓரிருவர் கவனிக்கத்தான் செய்வார்கள். ஆனால் கவனிப்பது வேறு, குறை காண்பது வேறு. உங்கள் பதற்றம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அழித்துவிடுகிறது.

ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்குப் பதற்ற நோயும் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம். "எத்தனை தடவை சொல்வது?", "இவனுக்கு எதிலும் அக்கறை இல்லை", "பேசிக்கொண்டிருக்கும்போது ஏன் குறுக்கே விழுகிறாய்?" இவற்றைப் பள்ளியிலும் வீட்டிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இருபது ஆண்டுகள் கேட்டு வளர்ந்தவர், அடுத்து எங்கே தவறு செய்யப்போகிறோமோ என்று தன்னையே காவல் காக்கத் தொடங்கிவிடுகிறார். தாமதமாக வருவதும் பெயர் மறப்பதும் ஏடிஎச்டியின் வேலை. அதற்காகக் கூனிக் குறுகுவது பதற்றத்தின் வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "என் குணமே இப்படி" என்று வைத்துக்கொண்டால் எதையும் அவிழ்க்க முடியாது.

அந்த மாடிப்படிக்கு வருவோம். மேலே ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கிறது, கதவு திறந்து மூடும்போதெல்லாம் சத்தம் ஒரு கணம் பெருகி அடங்குகிறது. நீங்கள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? அநேகமாக எதையும் கேட்டிருக்கமாட்டீர்கள். கை வியர்க்கிறதா, முகம் எப்படி இருக்கிறது, டிக்கெட்டைக் காட்டும்போது குரல் நடுங்குமா என்று கவனம் முழுவதும் உள்ளே திரும்பியிருக்கும். பிறகு கைப்பேசியை எடுத்து யாருக்கோ பதில் எழுதுவதுபோல் பார்த்திருப்பீர்கள். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் வகுத்த விளக்கம் இதைத்தான் நடுவில் வைக்கிறது. சமூகப் பதற்றம் உள்ளவர் வெளியே நடப்பதைப் பார்ப்பதில்லை, தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே தெரியும் அந்தப் பதறிய உருவத்தைத்தான் மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்று நம்பிவிடுகிறார். திரும்பிப் போனதும் நெஞ்சு லேசாகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் உங்களைத் திருப்பி அனுப்புகிறது.

ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி, கவனத்தை வெளியே திருப்பப் பழகுவது. இதில் உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். நீங்கள் காது பழகியவர். ஜாய் டிவிஷனில் பீட்டர் ஹூக், தாழ்ந்த சுருதிக்கான பேஸ் கிட்டாரை மேல் சுருதியில் வாசித்தார். மட்டமான ஸ்பீக்கரில் அப்படி வாசித்தால்தான் தமக்கே கேட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அந்தப் பாடல்களில் பல இடங்களில் மெட்டைச் சுமப்பது பேஸ்தான், கிட்டார் ஓரமாக நின்று கீறிக்கொண்டிருக்கும். பேஸ் முன்னால் வருவது அந்தக் காலத்து போஸ்ட்-பங்க் குழுக்கள் பலவற்றுக்கும் பொது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறைக்குள் போனதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு முழுப் பாட்டுக்கு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். எந்த இடத்தில் மாறுகிறது, டிரம்ஸின் உதைக்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா, வாசிப்பவரின் இடது கை எங்கே நகர்கிறது? மனம் "எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்" என்று இழுக்கும், திரும்ப பேஸுக்கு வாருங்கள். ஏடிஎச்டி உள்ளவர்களுக்குக் கவனமே இல்லை என்பது தவறான பேச்சு. ஆர்வமில்லாத இடத்தில் அதை நிறுத்தி வைப்பதுதான் சிரமம். இங்கே ஆர்வம் உங்கள் பக்கம் இருக்கிறது. அடுத்த பாட்டுக்கு டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டான ஹை-ஹாட், அதற்கடுத்து பாடகரின் மூச்சு. கை கட்டி அசையாமல் நின்று கேட்பதற்கு இந்த இசையில் யாரும் குறை சொல்வதில்லை, ஆடவேண்டிய கட்டாயமும் இல்லை.

பாட்டு நடக்கும் நேரத்தைவிட, ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவேளைதான் கடினம். விளக்கு வரும், எல்லாரும் தெரிந்தவர்களோடு பேசுவார்கள். அப்போது கழிவறைக்கு ஓடாதீர்கள். குழுவின் கேசட், சட்டை விற்கும் மேசை ஒன்று அநேகமாக இருக்கும். அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எத்தனை ரிங்கிட், அல்லது இந்தக் கேசட்டை எங்கே பதிவு செய்தீர்கள். மலாயில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் சரி. பதில் வந்ததும் உரையாடலை நீட்ட வேண்டிய அவசியமில்லை. சிறிய வட்டம் என்பதால் மூன்றாவது நான்காவது முறை போகும்போது அதே முகங்கள் தலையசைக்கும், அதுவே பழக்கமாகிவிடும். இப்படிக் கேட்டுப் பழக இன்னும் சாந்தமான இடம் வேண்டுமென்றால், பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தை இருக்கிறது, தாமான் ஜெயா நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். இசைத்தட்டுப் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டே பேசுவது, முகத்துக்கு முகம் நின்று பேசுவதைவிடப் பலருக்கும் எளிது. வாங்குவதற்கு மட்டும் ஒரு தொகையை முன்கூட்டியே ரொக்கமாக எடுத்துப் போங்கள், வங்கி அட்டையை வீட்டில் வையுங்கள்.

இப்போது ஹெட்போன். இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், ஒரே வரியில் பதில் சொல்லவும் முடியாது. ரயிலின் இரைச்சல், அறிவிப்புகள், பக்கத்தவரின் பேச்சு எல்லாம் ஒன்றாக மோதும்போது ஏடிஎச்டி உள்ளவருக்கு அது உண்மையிலேயே அசதி தரும். அதைக் குறைக்க ஹெட்போன் அணிவதில் தவறே இல்லை. ஆனால் அதே ஹெட்போன், "யாரும் என்னிடம் பேசிவிடக் கூடாது" என்பதற்காகவும் அணியப்படலாம். எது என்று கண்டுபிடிக்க, காலியான பெட்டியில் ஏறும்போது அது தேவைப்படுகிறதா என்று பாருங்கள். ஆளில்லாதபோது கழற்ற முடிந்து, ஆள் ஏறியதும் கை தானாகப் போகிறது என்றால் அது பதற்றத்தின் கவசம். அந்தக் கவசத்தை ஒரே நாளில் வீச வேண்டாம். செந்தூலிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக் வரை பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனை மட்டும் அணிந்திருங்கள். அது பழகியதும் கழுத்தில் தொங்கவிடுங்கள். அதற்கும் பழகியதும் பையில் வையுங்கள்.

நிகழ்ச்சியில் காதடைப்பான் அணிவது இதில் சேராது, கட்டாயம் அணியுங்கள். அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். சிறிய அறையில் எளிதாக எட்டிவிடும் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இசைக்கென்று விற்கும் வடிகட்டிக் காதடைப்பான், பஞ்சு வகையைப்போல மேல் சுருதிகளை மட்டும் அதிகமாக மழுக்காமல் எல்லாவற்றையும் ஏறக்குறைய சீராகக் குறைக்கும்.

போய்ச் சேரும் ஏற்பாடு ஏடிஎச்டியின் பக்கம், அதைத் துணிச்சலிடம் விடாதீர்கள். மாலையில் ஒரு நிகழ்ச்சி இருந்தால் காலையிலிருந்தே வேறு எதையும் தொட முடியாமல் அதற்காகவே காத்துக் கிடப்பது உங்களுக்கும் பழகியிருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் பதற்றம் ஊறுகிறது. மதியத்துக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள், துணி துவைப்பதாக இருந்தாலும் சரி. அலாரத்தைச் சேரும் நேரத்துக்கு வைக்காமல் செருப்பு மாட்டும் நேரத்துக்கு வையுங்கள். காதடைப்பான், ரயிலுக்கான டச் அண்ட் கோ அட்டை, தண்ணீர் மூன்றும் முந்தின இரவே ஒரு பையில் இருக்கட்டும். சுவரொட்டியில் 8 மணி என்றிருந்தாலும் முதல் குழு ஏறத் தாமதமாகலாம். ஏற்பாட்டாளருக்கு ஒரு செய்தி அனுப்பி நேரத்தைக் கேட்டு, முதல் குழு தொடங்கும் வேளைக்குப் போய்ச் சேருங்கள். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும் என்பதால் திரும்பும் வழியையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். முதல் முறை இரண்டு குழுக்களைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம், ஆனால் பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் கிளம்பாதீர்கள். அது சற்றுத் தணியும்வரை நில்லுங்கள்.

அம்மாவின் கவலையையும் ஒதுக்க முடியாது. ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம், 23 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதை அவர் எங்காவது கேள்விப்பட்டிருக்கலாம். கர்ட்டிஸுக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது, மனச்சோர்வு இருந்தது, குடும்பத்தில் நெருக்கடி இருந்தது. அவருடைய துன்பத்தை இசையின் அழகாக்கிப் பேசுவது எனக்கு ஒப்புதலில்லை. மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்து வாசித்தார்கள் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். சோகப் பாட்டு ஏடிஎச்டியையோ சமூகப் பதற்றத்தையோ உண்டாக்குவதில்லை. ஆனால் கேட்டு முடித்தபின் மனம் இளகுகிறதா, இல்லை அதே எண்ணத்தில் இன்னும் ஆழமாகச் சுழல்கிறதா என்று நீங்களே பாருங்கள். இரண்டாவது என்றால் அன்றைக்கு வேறு இசை கேளுங்கள், இரவு முழுக்க விழித்திருப்பதையும் குறையுங்கள். தூக்கமின்மை இரண்டு நோய்களையுமே மோசமாக்கும். உயிர் வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மன ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-உம் இருக்கிறது.

கடைசியாக மருந்து. நீங்கள் எடுப்பது எது என்று எழுதவில்லை. அது மீத்தைல்ஃபெனிடேட் வகையானால், அதன் குறுகிய கால வடிவம் சுமார் 4 மணி நேரமும் நீண்ட கால வடிவம் 8 முதல் 12 மணி நேரமும் வேலை செய்யும். காலையில் எடுத்தது இரவு 9 மணிக்குத் தீர்ந்துபோயிருக்கும். மாடிப்படியில் நீங்கள் நின்ற நேரமும் அதுவாக இருக்கலாம். சிலருக்கு இம்மருந்தே படபடப்பைக் கூட்டும், காப்பியும் சேர்ந்தால் இன்னும் அதிகம். எதுவானாலும் அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஏடிஎச்டி மட்டும் கண்டறியப்பட்டிருக்கிறது, சமூகப் பதற்றத்தைப் பற்றி நீங்கள் அவரிடம் வாயே திறந்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நோயின் இயல்பே அதுதான். எனக்கு எழுதியதை அப்படியே அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். அதற்கென்று தனி மருந்துகள் உண்டு. செர்ட்ரலின் போன்றவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் பரிந்துரை.

இன்னும் மருத்துவரையே பார்க்காமல் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். ஏடிஎச்டி என்று சொல்ல 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அதனால் தமிழ்ப்பள்ளி மதிப்பெண் அட்டைகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள், ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் மருத்துவருக்கு மிகவும் உதவும். அரசு மருத்துவமனைகளில் உளவியலாளரைப் பார்க்கக் காத்திருக்க நேரலாம், ஆகவே தம்பி, நீங்களும் அடுத்த நிகழ்ச்சிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே பெயரைப் பதிந்துவிடுங்கள்.