குவில்ட் கில்டில் சேருவது: முதல் கூட்டத்துக்குப் போகும் முன்

கேள்வி: கணவரின் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஹூஸ்டன் பக்கம் வந்திருக்கிறோம். இங்கே ஒரு கடையில் வகுப்புக்குப் போய் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு முடித்துவிட்டேன், மூன்றாவது பாதியில் நிற்கிறது. கூட உட்கார்ந்து தைக்க ஆள் இல்லை. குவில்ட் தைப்பவர்களின் சங்கமான கில்டில் சேரச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வயதான அமெரிக்கப் பெண்கள், அவர்கள் கைவேலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? இரவில் கார் ஓட்ட மாட்டேன், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கில்டு என்றதும் பரீட்சை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று தோன்றும். அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலான கில்டுகள் ஆண்டுச் சந்தா கட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ளும் லாபநோக்கற்ற அமைப்புகள்தான். ஊசியே தொடாமல், பார்த்து ரசிக்க மட்டும் வருகிற உறுப்பினர்களும் உண்டு. நீங்கள் இரண்டு குவில்ட் முடித்திருக்கிறீர்கள். பாதியில் விட்டவற்றை அலமாரி நிறைய வைத்திருப்பவர்கள் எல்லா கில்டிலும் இருப்பதால், அவற்றை முடிக்க வைப்பதற்கென்றே வருடாவருடம் போட்டி நடத்துகிறார்கள்.

என் கவலை வேறு. சந்தா கட்டிவிட்டு மாதக் கூட்டத்துக்கு மட்டும் போய்வந்தால், ஒரு வருடம் கழித்தும் உங்களுக்குக் கூடத் தைக்க ஆள் இருக்காது. பலர் அப்படித்தான் சேர்ந்த வேகத்தில் விலகிவிடுகிறார்கள்.

மாதக் கூட்டம் பெரும்பாலும் ஏதாவது ஒரு தேவாலயத்தின் ஹாலிலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கும். தேவாலயம் என்றதும் தயங்காதீர்கள். வாடகை குறைவு, மேசை நாற்காலி இருக்கிறது, கார் நிறுத்த இடமும் இருக்கிறது. கில்டுக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. வாசலில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்வார்கள். விருந்தினராக வருபவரிடம் ஒரு சிறு தொகை வாங்குவார்கள், சில இடங்களில் முதல் முறை இலவசம். கொஞ்ச நேரம் வரவு செலவு, அறிவிப்பு என்று இழுக்கும். அப்புறம் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் தன் குவில்ட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிப் பேசுவார். இதை 'டிரங்க் ஷோ' என்பார்கள். கடைசியில் 'ஷோ அண்ட் டெல்', அதாவது அந்த மாதம் தைத்து முடித்ததை உறுப்பினர்கள் தூக்கிக் காட்டுவது. பொழுது நன்றாகவே போகும். ஆனால் எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாரோடு பேசுவது? தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுத் திரும்பிய கதைதான்.

தோழிகள் கிடைப்பது 'பீ' என்று சொல்லப்படும் சின்னக் குழுக்களில். அந்தக் காலத்தில் பெண்கள் ஒரு மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரே குவில்ட்டைச் சேர்ந்து தைத்த வழக்கத்தின் மிச்சம் அது. இப்போது ஆளுக்கொரு வேலையைக் கொண்டுவருகிறார்கள். எட்டுப் பத்துப் பேர், மாதம் ஒன்றிரண்டு முறை, யாராவது ஒருவர் வீட்டில் அல்லது நூலக அறையில். சில பீக்களில் கைத்தையல் மட்டும், சிலவற்றில் மெஷினையும் தூக்கிக்கொண்டு போகலாம். பகலில் கூடும் பீக்கள் நிறைய உண்டு, அதனால் உங்கள் இரவுப் பயணப் பிரச்சினையும் தீரும். முதல் கூட்டத்தில் உறுப்பினர் பொறுப்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த பீயில் இடம் இருக்கிறது, எங்கே, எப்போது கூடுகிறார்கள்?"

"எல்லாம் நிரம்பிவிட்டது" என்று பதில் வரலாம். அது உங்களை ஒதுக்குவதற்காகச் சொல்வது அல்ல, வீட்டு வரவேற்பறையில் அதற்கு மேல் ஆள் கொள்ளாது, அவ்வளவுதான். காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தால், அவர்களைச் சேர்த்துப் புது பீ தொடங்கலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். எல்லாரும் புதியவர்களாக இருக்கும் பீயில், ஏற்கெனவே இருபது வருடம் பழகியவர்கள் நடுவே போய் உட்காரும் கூச்சம் இருக்காது. பீயே இல்லாத கில்டாக இருந்தால், மெஷினோடு வந்து நாள் முழுக்கத் தைக்கும் நாட்கள் உண்டா என்று கேளுங்கள்.

அடுத்த வழி தானத் தையல். ஏறக்குறைய எல்லா கில்டும் எதற்காவது குவில்ட் தைத்துக் கொடுக்கிறது: குறைமாதக் குழந்தைகளுக்கு, பெண்கள் காப்பகத்துக்கு, முன்னாள் ராணுவத்தினருக்கு. ராணுவத்தினருக்காக 2003-இல் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' நாடு முழுக்க நடக்கிறது. அதற்கு 55-க்கு 65 அங்குலத்திலிருந்து 72-க்கு 90 வரை என்று அளவே வகுத்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தையல் நாட்களில் துணி வெட்டித் தயாராக இருக்கும், நீங்கள் எதுவும் வாங்கிப் போக வேண்டாம். ஒருவர் தைப்பார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் இஸ்திரி போடுவார். நீங்கள் இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு துணியை அழுத்தியாக வேண்டும் என்பதால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் உங்களிடம் வந்தே தீருவார்கள். தையலில் தவறு வந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

கில்டு கண்காட்சி நடத்தினால் 'வெள்ளைக் கையுறை' வேலைக்குப் பெயர் கொடுங்கள். பார்வையாளர்கள் குவில்ட்டைத் தொடக் கூடாது. ஆனால் பின்பக்கத் தையலைப் பார்க்காமல் எந்தக் குவில்ட்டரும் நகர மாட்டார். வெள்ளைக் கையுறை போட்டவர் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. பேச்சை ஆரம்பிக்க வேண்டிய பொறுப்பு எதிரே நிற்பவருடையது, நீங்கள் பதில் சொன்னால் போதும்.

சரி, வயது விஷயம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்களை நவீன ஓவியங்களைத் தொங்கவிடுவது மாதிரி சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. 1976-இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு வந்தது. பாட்டி காலத்துக் கைவேலைகள் மீது திடீரென்று ஒரு மோகம். அந்த அலையிலும் அதைத் தொடர்ந்த வருடங்களிலும் பிறந்தவைதான் இன்றைய கில்டுகளில் நிறைய. அன்று முப்பது வயதில் சேர்ந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பகலில் கூட்டம் போட அவர்களுக்கு வசதி. உங்களுக்கும் அது வசதிதானே? குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அம்மாக்கள் இந்தக் கில்டுகளை வயதைப் பார்த்தே ஒதுக்கிவிடுவது எனக்குப் புரிவதில்லை. பைண்டிங் (குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) மூலையை மடிப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அந்த மூத்த பெண்களுக்கு நேரம் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது.

இளைய கூட்டம்தான் வேண்டும் என்றால் மாடர்ன் குவில்ட் கில்டு இருக்கிறது. 2009-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது, ஹூஸ்டனிலும் கிளை உண்டு. பூப்போட்ட துணிகளைவிட ஒற்றை நிறத் துணிகள், நிறைய வெற்றிடம், துணிச்சலான வடிவங்கள் என்பது அவர்கள் பாணி. இப்படிப்பட்ட குழுக்கள் வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து மாலையிலோ வார இறுதியிலோ கூடுவது வழக்கம். இரண்டு கில்டில் இருப்பதும் சகஜம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் வட்டாரத்தில் என்னென்ன கில்டுகள் உண்டு என்பதை நீங்கள் வகுப்புக்குப் போன கடைக்காரரிடம் கேளுங்கள். எந்தக் கில்டில் பகல் கூட்டம், எங்கே புதியவர்களை நன்றாகக் கவனிக்கிறார்கள், எங்கே உள்சண்டை, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடைசி விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று முறை விருந்தினராகப் போய்ப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டலாம். பாதி வருடத்தில் சேர்ந்தால் சந்தாவைக் குறைப்பார்களா என்றும் கேட்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கைக்குழந்தை இருந்தால் கூட்டிவரலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல கில்டுகள் அனுமதிப்பதில்லை: சுழல் கத்தி, சூடான இஸ்திரிப் பெட்டி, கீழே விழுந்த குண்டூசி.

முதல் நாளே முடித்த குவில்ட் ஒன்றை எடுத்துப் போங்கள். ஷோ அண்ட் டெல்லில் இரண்டு பேர் முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் பெயரையும், யாருக்காகத் தைத்தீர்கள் என்பதையும், அதில் எந்த இடம் படுத்தியது என்பதையும் சொன்னால் போதும். மூன்று வாக்கியம். குறைகளை நீங்களாக எடுத்துக் காட்டாதீர்கள், அந்தத் தூரத்தில் யாருக்கும் தெரியாது. புடவைத் துணி, சுங்குடி, மெட்ராஸ் கட்டம் போட்ட துணி ஏதாவது அதில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் உங்களைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். மெட்ராஸ் கட்டம் அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் 'கவாண்டி' தெரியுமா என்றும் கேட்கலாம். வட கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான 'சித்தி' சமூகப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையால் தைத்துக்கொண்டே போகும் குவில்ட் அது. அமெரிக்கக் குவில்ட்டர்களிடையே இப்போது அதற்கு நல்ல வரவேற்பு. தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். இந்தியர் என்பதற்காக எல்லா இந்தியக் கைவேலைக்கும் நீங்கள் பிரதிநிதி ஆக வேண்டியதில்லை.

நம் ஊர்த் துணியை மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளும்போது மட்டும் கவனம். சாயம் போகும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அது நிற்கும்வரை அலசுங்கள். புடவைப் பருத்தி குவில்ட் கடைத் துணியைவிட மெல்லியது, அதனால் பின்னால் லேசான ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். உங்கள் சுங்குடியின் சிவப்பு இன்னொருவரின் வெள்ளை பிளாக்கில் (பலவற்றை இணைத்தால் குவில்ட் ஆகும் துணிச் சதுரத்தில்) இறங்கினால், அவர் மன்னித்தாலும் கில்டு மறக்காது.

பிளாக் பரிமாற்றத்தில் சேரும் முன் உங்கள் கால் அங்குலத் தையல், அதாவது துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிப் போடும் தையல், சரியா என்று சோதித்துவிடுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலை நூலளவு ஓரத்துக்குத் தள்ளுங்கள், கூடினால் உள்ளே கொண்டுவாருங்கள். இது சரியாக இருந்தால் உங்கள் பிளாக் மற்றவர்கள் பிளாக்கோடு பொருந்தும். மற்றவர்கள் கைவேலையைப் பார்த்து வரும் பயம் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். ஒருவர் தொடங்கிய குவில்ட்டைப் பலர் கைமாற்றி வளர்க்கும் 'ரவுண்ட் ராபின்' மட்டும் முதல் வருடம் வேண்டாம் என்பேன். அது திறமையைவிட ரசனைகள் மோதும் இடம்.

இன்னும் சில நடைமுறைகள். விலைக்கு வாங்கிய பேட்டர்னை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள், கேட்கவும் செய்யாதீர்கள். நம் ஊரில் ஜெராக்ஸ் எடுப்பது சாதாரணம், இங்கே அது வடிவமைத்தவரின் காப்புரிமையில் கைவைப்பது. அடுத்தவர் குவில்ட்டைக் கேட்காமல் தொடாதீர்கள். "இதை எவ்வளவுக்கு விற்பீர்கள்?" என்று நாம் பாராட்டாகக் கேட்பது சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். சாப்பாடு கொண்டுவந்து பகிரும் நாளில் ஒரு எலுமிச்சை சாதம் கொண்டுபோய், பக்கத்தில் என்னென்ன போட்டிருக்கிறது என்று சீட்டு எழுதி வையுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே நிறையப் பேருக்கு உண்டு. நீங்கள் சாப்பிடக்கூடியது ஒன்றாவது மேசையில் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

மாலைக் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால், உங்கள் பகுதியிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டு அவர்கள் காரில் தொற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுங்கள், வாங்காவிட்டால் முறுக்கு கொடுங்கள். போக வர முக்கால் மணி நேரம் ஒரே காரில் இருப்பவர் சீக்கிரம் தோழியாகிவிடுவார். இலையுதிர் காலத்தில் ஹூஸ்டனின் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் நடக்கும் சர்வதேசக் குவில்ட் திருவிழாவுக்கும் இப்படி யாருடனாவது சேர்ந்தே போங்கள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் அதற்கு விமானம் ஏறி வருகிறார்கள், உங்களுக்கு அது பக்கத்து ஊர்.

கடைசியாக விசா. லாபநோக்கற்ற கில்டில் உறுப்பினராவதற்கும், சம்பளம் இல்லாத தொண்டு வேலைக்கும், தானமாகத் தைத்துக் கொடுப்பதற்கும் பொதுவாக எச்-4 தடை இல்லை. பணம் கைமாறும் இடத்தில்தான் சிக்கல். கில்டு கண்காட்சிகளில் உறுப்பினர்களின் கைவேலையை விற்கும் சிறு கடை இருக்கும், விற்ற தொகை தைத்தவருக்குப் போகும். உங்களிடம் வேலை அனுமதி அட்டை இல்லையென்றால் அதில் பொருள் வைக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பதும், அடுத்தவர் குவில்ட்டைத் தைத்துக் கொடுப்பதும் அப்படியே. "நீ செய்வது அழகாக இருக்கிறது, எனக்கு ஒன்று தைத்துக் கொடு, பணம் தருகிறேன்" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அதற்குச் சரி சொல்லிவிடாதீர்கள்.