அதிகம் வேலை செய்யும் ஊழியருக்குத் தனிப் பரிசு தரலாமா, குழு முழுவதற்கும் தரலாமா?

நீங்கள் ஆட்களிடம் வேலை வாங்கும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தனிப் பரிசு அறிவிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர். அதற்கு முன் 11 வருஷம் ஓவர்லாக் டைலர். ஒருமுறை எங்கள் முதலாளி போர்டு மாட்டினார்: வாரத்தில் அதிகம் தைக்கும் டைலருக்கு 1,000 ரூபாய். முதல் வாரம் புரொடக்‌ஷன் ஏறியது உண்மை. மூன்றாவது வாரம் கறுப்புத் துணி பண்டல்களெல்லாம் மெஷினுக்கு அடியில் கிடந்தன. கறுப்பில் தையல் கண்ணுக்குத் தெரியாது, வேகம் வராது. வெள்ளைக்குத்தான் அடிதடி.

கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை) வைப்பதில் ஒரு அக்காவை மிஞ்ச ஆளில்லை. துணியை இழுக்காமல் விரலால் தள்ளிக் கொடுக்கப் புதுப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தது அவர்தான். அவரும் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "சொல்லிக்குடுத்துட்டு உக்காந்தா எம் பீஸ் குறையுதே தம்பி" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பையரின் (சரக்கு வாங்கும் கம்பெனியின்) கியூசி, அதாவது தரம் பார்க்கிறவர், வந்தார். 3,000 பீஸ் லாட்டில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். 7 டேமேஜ் வரை பாஸ், 8 வந்தால் பெயில். எங்களுக்கு 11. பாதிக்கு மேல் கழுத்தில் தையல் விட்டவை, தெரிந்தே அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிட்டவை. மூன்று ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் பிரித்துப் பார்த்தோம்.

பிறகு நானே முதலாளியிடம் போய்ப் பேசினேன். செக்கிங்கில் பாஸான பீஸுக்கு மட்டும் கணக்கு, தொகை லைன் முழுவதற்கும், டைலருக்குத் துணி எடுத்துக் கொடுத்து உதவும் கைமடிக்கும் சம பங்கு. வேகமான டைலர் ஒருவர் பீஸ் ரேட்டுக்கு (தைத்த பீஸ் கணக்கில் கூலி) வேறு கம்பெனி போய்விட்டார், மறைக்கவில்லை. அக்கா மறுபடி சொல்லித்தர ஆரம்பித்தார்.

சும்மா இருப்பவனுக்கும் பங்கா என்று சண்டைக்கு வருவீர்கள். லைனில் ஒருவர் தாமதித்தால் பின்னால் இருப்பவர் கை சும்மா நிற்கும், அவரே கேட்டுவிடுவார். தனியாக முடிக்கிற வேலைக்கு நான் சொல்வது பொருந்தாது. ஐ.டி.க்கு இது ஆகாது என்பவர்களுக்கும் ஒன்று: ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட்டே 2013-இல் கைவிட்டது.

பரிசு இருக்கட்டும், முதலில் தீபாவளி போனஸை நேரத்துக்குக் கொடுங்கள். முன்னாடியே கொடுத்தால் ஆள் ஊருக்குப் போய்விடும் என்று கடைசி நாள் வரை இழுக்கிறார்கள். ரிசர்வேஷன் கிடைக்காது. 19 வருஷமாகத் தீபாவளிக்கு மதுரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறேன்.