நியூயார்க்கில் விசா முடிந்தும் தங்கியிருப்பவர் டிரைவிங் லைசென்ஸ் எடுக்க முடியுமா? நகரச் சேவைகளில் எதெல்லாம் கிடைக்கும்?

முடியும். நியூயார்க் மாநிலத்தில் 16 வயது நிரம்பியவர் எவரும், குடியேற்ற நிலையைக் காட்டாமலே ‘ஸ்டாண்டர்டு’ வகை லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 2019 ஜூனில் நிறைவேறி அதே டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கிரீன் லைட் சட்டம் தந்த உரிமை இது. லைசென்ஸ் வழங்கும் மாநில அலுவலகமான டிஎம்வியின் கவுன்டரில் விசா பற்றிக் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்களின் விண்ணப்பம் வேறு இடங்களில்தான் சிக்குகிறது. முக்கியமாக மூன்று.

முதலாவது சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது வேலைக்கும் வரிக்கும் அமெரிக்க அரசு தரும் எண். எண் இல்லாதவர்கள் ‘எனக்கு எண் வழங்கப்பட்டதே இல்லை’ என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. எச்1பி, எல்1 விசாவில் வேலைக்கு வந்தவருக்கோ, படிக்கும்போது வளாகத்தில் வேலை பார்த்த எஃப்1 மாணவருக்கோ எண் ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கும். விசா முடிந்தாலும் அந்த எண் சாகும்வரை அவருடையதுதான். அதைத்தான் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். இவர்கள் உறுதிமொழியில் கையெழுத்திட்டால் அது பொய்ச் சத்தியம், தனிக் குற்றம். எச்1பி ஊழியரின் துணைக்கான எச்4 விசாவில் வந்து வேலை அனுமதி வாங்காத மனைவிக்குப் பெரும்பாலும் எண் இருக்காது. உறுதிமொழிப் படிவம் அவருக்குத்தான் பொருந்தும். வரி கட்டுவதற்காக வாங்கிய ஐடிஐஎன் வேறு எண், அதை அந்தக் கட்டத்தில் எழுதக் கூடாது. கடன் வாங்கிய எண், வேறொருவர் எண் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பெயர். தமிழ்ப் பெயருக்கும் அமெரிக்கப் படிவத்துக்கும் ஒத்துப்போவதே இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமான எஃப்என்யு உட்கார்ந்துவிடும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் பின்னால் இருக்கும், வீட்டு ஒப்பந்தத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும், வங்கியில் இன்னொரு மாதிரி. டிஎம்வி உங்கள் எண்ணையும் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே நேரில் போவதற்கு முன்னால் எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கி, மின் கட்டணம், செல்போன் கணக்குகளில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றுவது எளிது, முதலில் அதைச் செய்யுங்கள்.

அடையாளத்துக்கு ஆறு புள்ளிகள் சேர வேண்டும். காலாவதியாகாத பாஸ்போர்ட்தான் அதில் பெரும்பங்கைத் தரும். சோஷியல் செக்யூரிட்டி அட்டைக்கு 2 புள்ளி, வங்கிக் கணக்கறிக்கை, மின் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் 1. ஜெராக்ஸ் செல்லாது, அசல்தான் வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவை. விசா முடிந்ததால் குடியுரிமை போய்விடாது, பாஸ்போர்ட் உங்கள் உரிமை. காலாவதியாகும் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. லைசென்ஸுக்கான எம்வி-44 விண்ணப்பத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று ஒரு பகுதி வரும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுக்கொண்டே வந்து அதிலும் கையெழுத்துப் போட்டால், நான் அமெரிக்கக் குடிமகன் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். விசா காலம் கடந்து தங்கியதற்காவது சில சூழல்களில் மன்னிப்பு உண்டு. 1996 செப்டம்பர் 30 முதல் செய்யப்பட்ட பொய்யான குடியுரிமைக் கோரலுக்கு அநேகமாக மன்னிப்பே கிடையாது. பிற்காலத்தில் மகனோ மகளோ மனு போட்டாலும் அந்த ஒரு ‘ஆம்’ கிரீன் கார்டை வாழ்நாள் முழுக்கத் தடுத்துவிடும். அந்தப் பகுதியில் ‘இல்லை’ என்று குறியுங்கள். கவுன்டரில் இருப்பவர் வாய்மொழியாகக் கேட்டாலும், நல்ல எண்ணத்தில் அவரே குறித்துவிட்டாலும், திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் வாசித்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

தேர்வுகள் மற்றவர்களுக்கு உள்ளவையேதான். எழுத்துத் தேர்வில் 20 கேள்விகளுக்கு 14 சரியாக இருக்க வேண்டும், சாலைக் குறியீடு பற்றிய நான்கில் இரண்டாவது அதில் சேர வேண்டும். அதில் தேறி, பழகுநருக்கான பர்மிட் கிடைத்ததும் ஐந்து மணி நேர வகுப்பு. அங்கே தரும் எம்வி-278 சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். சாலைத் தேர்வில் பிழைப் புள்ளிகள் 30-ஐத் தாண்டினால் தோல்வி. முதலில் கட்டும் கட்டணத்திலேயே இரண்டு வாய்ப்புகள் அடக்கம், அதற்கு மேல் 10 டாலருக்கு இன்னும் இரண்டு. அட்டை தபாலில் வரும். பலர் சேர்ந்து தங்கும் வீட்டில் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் அது திரும்பிப் போய்விடும். ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

அட்டையில் ‘ஃபெடரல் (மத்திய அரசு) பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். பயப்பட வேண்டாம். மத்திய அரசு விதிப்படியான அடையாள அட்டையான ரியல் ஐடி வேண்டாம் என்று ஸ்டாண்டர்டு லைசென்ஸை எடுக்கும் குடிமக்களின் அட்டையிலும் அதுவேதான் இருக்கும், ஆகவே அட்டை உங்களைக் காட்டிக்கொடுக்காது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. கனெக்டிகட், டெலவேர் போன்றவை ஆவணமற்றவர்களுக்கென்று தனிக் குறியோடு தரும் லைசென்ஸ்களை ஃபுளோரிடா 2023 ஜூலை முதல் ஏற்பதில்லை. 2025 மே 7 முதல் ரியல் ஐடி விதி விமான நிலையங்களில் அமலில் இருப்பதால், ஸ்டாண்டர்டு அட்டையை நம்பி உள்நாட்டு விமானம் ஏறத் திட்டமிடாதீர்கள். இது வேலை அனுமதியும் ஆகாது.

குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் ஃபெடரல் அமைப்பான ஐஸின் அதிகாரிகளுக்குத் தகவல் போகுமா? நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இல்லாமல் டிஎம்வி கொடுக்கக் கூடாது என்கிறது சட்டம். ஐஸ் தானே அச்சிட்டுக்கொள்ளும் நிர்வாக வாரண்ட் இதற்குப் போதாது. கேட்டு வந்தால் மூன்று நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இந்தச் சட்டத்தை எதிர்த்து 2025 பிப்ரவரியில் ஃபெடரல் அரசின் நீதி அமைச்சகம் வழக்குப் போட்டது, அது பற்றிய செய்திகளைக் கவனித்து வாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டுக் கைதானால் கைரேகை நேராக ஃபெடரல் கணினிக்குப் போகும். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் முறையாக லைசென்ஸ் எடுப்பதே மேல் என்பது என் கருத்து. ஆனால் நாடு கடத்தும் உத்தரவு உள்ளவர்களும், முன்பு வேறு பெயரிலோ வேறு எண்ணிலோ லைசென்ஸ் எடுத்தவர்களும் வக்கீலைப் பார்க்காமல் டிஎம்வி வாசலை மிதிக்க வேண்டாம்.

இனி நகரச் சேவைகள். நியூயார்க் நகராட்சி 2015 முதல் தரும் ஐடிஎன்ஒய்சி என்ற நகர அடையாள அட்டைக்கு நான்கு புள்ளிகள் போதும். அடையாளத்துக்கு மூன்று, முகவரிக்கு ஒன்று. அதை வைத்து வண்டி ஓட்ட முடியாது. நகர அலுவலகங்களுக்குள் நுழையவும், பிள்ளையின் பள்ளிக்குப் போகவும், நூலகத்துக்கும் உதவும். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க விசா நிலை தடையல்ல, 1982-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காப்பீடு கிடைக்காதவர்களுக்கு நகரப் பொது மருத்துவமனைகளில் என்ஒய்சி கேர் திட்டம் இருக்கிறது. சம்பளத்துக்கு ஏற்ற கட்டணத்தில் வழக்கமான மருத்துவரே அமைவார். நகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், இலவசக் குடியேற்றச் சட்ட உதவி எங்கே என்றும் விசாரிக்கலாம். ஐடிஎன்ஒய்சி அட்டைக்கும் கட்டணம் இல்லை, அப்பாயின்ட்மென்ட்டுக்கும் இல்லை. இவற்றை ‘முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் புரோக்கரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.