ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போடலாமா?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 64 வயது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறதென்று கிளினிக்கில் குளிசை கொடுத்து, கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அன்றோடு வீட்டில் தேங்காயை நிறுத்திவிட்டோம். ரொட்டிகூட வெறும் கோதுமை மாவில்தான் சுடுகிறோம். கனடாவிலிருக்கும் அண்ணனோ, கொழுப்பு கெட்டது என்பதே அமெரிக்கக்காரன் கட்டிய கதை, காலையில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொல் என்று வீடியோ அனுப்புகிறார். யாரை நம்புவது?

சுகந்தி, கொட்டகலை

அன்புள்ள சுகந்தி,

அந்த மாதிரி வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அன்செல் கீஸ்தான் வில்லன்; கொழுப்பு கூடினால் இதய நோயும் கூடும் என்று சொன்ன அமெரிக்க ஆய்வாளர் அவர். 22 நாடுகளின் கணக்கு கையிலிருந்தும் தனக்குத் தோதான ஏழு நாடுகளை மட்டும் எடுத்தார் என்பார்கள். அது இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பியது. கொழுப்பையும் இதய நோய்ச் சாவையும் ஒப்பிட்டு 1953-இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் இருந்தவை ஆறு நாடுகள். 22 நாடுகளையும் சேர்த்தால் அந்தத் தொடர்பு அவ்வளவு பலமாக இல்லை என்று 1957-இல் வேறு இருவர் காட்டினார்கள். கீஸின் ஏழு நாட்டு ஆய்வு 1958-இல் தொடங்கியது. ஆட்களை நேரில் பரிசோதித்துப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த தனி வேலை அது.

அதற்காகப் பழைய அறிவுரையில் ஓட்டையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1968 முதல் 1973 வரை மினசோட்டாவில் 9,000-க்கு மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு நிறைவுற்ற கொழுப்பை, அதாவது நெய், தேங்காய் எண்ணெய் மாதிரியானவற்றில் கூடுதலாக இருக்கும் கொழுப்பை, குறைத்துச் சோள எண்ணெய் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரோல் இறங்கியது, சாவு குறையவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு வருடம்கூட அதில் இருக்கவில்லை என்பதால் அதை வைத்து ஆடவும் முடியாது. ஆனால் அதன் விரிவான கணக்கு 2016-இல்தான் வெளியே வந்தது என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். கொழுப்பைக் குறை என்றவர்கள், அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொன்னார்களா? நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு சோயா, சூரியகாந்தி மாதிரி நிறைவுறாத எண்ணெய், கடலை, மீன் என்று வைத்தால் இதயத்துக்கு நல்லது. வெள்ளை மாவையும் சீனியையும் வைத்தால் அந்த நன்மை கிடைப்பதில்லை. அமெரிக்காவில் கொழுப்பில்லாத பிஸ்கட்டில் சீனியைக் கொட்டி விற்றார்கள். நம் லயத்தில் அதே வேலையைக் கோதுமை மா செய்கிறது. தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி இரண்டோடு வயிறு நிறையும்; வெறும் ரொட்டி மூன்று நான்கு என்று போகும். கூடவே பிளேன்டீ. இரண்டு கரண்டி சீனி போட்டு நாலு கோப்பை குடித்தால் எட்டுக் கரண்டி, கிட்டத்தட்ட 35 கிராம். அதை யாரும் கொழுப்புக் கணக்கில் எழுதுவதில்லை, ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மலை ஏறி இறங்கி வேலை செய்த காலத்தில் உடம்பு அதையெல்லாம் எரித்துவிட்டது. இப்போது அப்பா வாசலில்தானே உட்கார்ந்திருக்கிறார்?

அண்ணன் சொல்லும் எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. சோயா, சூரியகாந்தி எண்ணெய்களோடு ஒப்பிட்டால் கெட்டது என்று சொல்லும் எல்டிஎல் கொலஸ்ட்ரோலை அது கூட்டுகிறது. ஏற்கனவே கூடியவருக்கு அதை மருந்து மாதிரி குடிக்கக் கொடுப்பது வீம்பு. தேங்காய்ப்பூ கொஞ்சம் வேறு: அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கொழுப்பு, நார்ச்சத்தும் உண்டு. ரொட்டி மாவில் ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் சோற்றோடு கொஞ்சம் சம்பல், அந்த அளவுக்கு நான் பயப்பட மாட்டேன். பால் பிழிந்து தினமும் மூன்று கறி என்றால் பயப்படுவேன்.

முதலில் தேநீரில் சீனியை அரைக் கரண்டியாக்குங்கள். ஒரு ரொட்டியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் கீரையும் வையுங்கள். பொரிப்பதைக் குறையுங்கள். நெத்தலி நல்லதுதான், கருவாடாக இருந்தால் உப்புப் போகக் கழுவிக்கொள்ளுங்கள். குளிசையை மட்டும் அண்ணன் சொன்னாலும் நான் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்; அது டொக்டரோடு பேச வேண்டிய விஷயம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எல்டிஎல், ட்ரைகிளிசரைட், வெறும் வயிற்றுச் சீனி மூன்றையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அப்புறம் அண்ணனுக்கு அனுப்பலாம்.