மரை பொருந்துகிறதா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி–பதில்

என் எம்.ஜி.பி ரோட்ஸ்டர் 1968 ஜனவரியில் பதிவானது. "1968 மாடல்" என்று கேட்டு ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கினேன். உட்காரவே மாட்டேன் என்கிறது. தவறான பாகத்தைக் கொடுத்துவிட்டார்களா?

நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பதிவான தேதி வேறு, கார் தயாரான தேதி வேறு. 1967 இறுதியில் எம்.ஜி.பி மார்க் 1 நின்று மார்க் 2 வந்தது. முன்னோக்கி ஓட்டும் கியர் நான்குக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, கூடவே ஸ்டார்ட்டரும் மாறியது. பழையது சுழலும் வேகத்தில் பல் தானாக முன்னால் ஓடிப் பிடிக்கும் வகை. புதியதில் தலைமேல் சாலினாய்டு (பல்லை முன்னே தள்ளும் மின்காந்தம்) உட்கார்ந்திருக்கும்; பல் பிடித்த பிறகுதான் மோட்டார் சுழலும். ரிங் கியர், பின்தகடு என்று சுற்றியுள்ளதும் சேர்ந்தே மாறியது. மார்க் 1 ஆகத் தயாராகி, விற்பனைக்கு நின்று, 1968ல் பதிவான கார்கள் நிறைய உண்டு.

வருடத்தைச் சொல்லிப் பாகம் கேட்பதை விட்டுவிடுங்கள். தகட்டில் உள்ள கார் எண்ணைப் பாருங்கள். ஜி.ஹெச்.என்.3 என்று தொடங்கினால் மார்க் 1 ரோட்ஸ்டர், ஜி.ஹெச்.என்.4 என்றால் மார்க் 2. அதோடும் நிற்க வேண்டாம். அரை நூற்றாண்டில் இன்ஜின் ஒரு தடவையாவது மாறியிருக்கலாம். பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் 18 ஜி.பி என்றிருந்தால் மார்க் 1 கால இன்ஜின், 18 ஜி.டி என்றால் மார்க் 2 உடையது. ஸ்டார்ட்டர், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இன்ஜின் எண்ணைப் பார்த்து. பிரேக், ஆக்சில், வயரிங் எல்லாம் கார் எண்ணைப் பார்த்து. இரண்டையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கழற்றிய பழைய ஸ்டார்ட்டரை எடைக்குப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் பெட்டியைப் பிரித்த உடனேயே தெரிந்திருக்கும்.

எம்.ஜி. டி.டி இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மில்லிமீட்டர் ஸ்பேனரும் சரியாக இல்லை, அங்குல ஸ்பேனரும் சரியாக இல்லை. கடையில் வாங்கிய எம்8 போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது.

அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு சுற்றுக் கொடுத்தால் பிளாக்கின் மரை போய்விடும்.

டி.டி-யில் இருப்பது எக்ஸ்.பி.ஏ.ஜி இன்ஜின், 1250 சி.சி. இதன் வம்சம் விசித்திரமானது. கவென்ட்ரியில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்துக்கு இருந்த இன்ஜின் தொழிற்சாலையை பிரிட்டிஷ் கார் தயாரிப்பாளர் மாரிஸ் 1923ல் வாங்கியபோது மெட்ரிக் இயந்திரங்களும் சேர்ந்து வந்தன. ஆங்கில மெக்கானிக்கின் கையில் இருந்ததோ விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஸ்பேனர். ஆகவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த் அளவு என்று ஒரு கலப்புப் பிறவி உருவானது. இதை வடிவமைத்தவருக்கே மரை கழன்றிருக்குமோ என்று தோன்றும்!

இந்த இன்ஜினில் 8 மி.மீ போல்ட்டின் மரை இடைவெளி 1 மி.மீ. கடையில் எம்8 என்று கேட்டால் தருவது 1.25 மி.மீ. அதனால்தான் இரண்டு சுற்றில் நின்றது. எம்8 x 1.0 என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தலைக்கு விட்வொர்த் கால் அங்குல ஸ்பேனர் வேண்டும். அதில் 1/4 என்று பொறித்திருப்பது விட்வொர்த் போல்ட் தண்டின் விட்டம். வாயின் அகலம் 0.525 அங்குலம். 13 மி.மீ ஸ்பேனர் தலையில் ஏறாது, 14 மி.மீ உருட்டி மூலையைத் தேய்த்துவிடும்.

இதெல்லாம் இன்ஜினுக்கு மட்டும். அதே காரின் சேஸிஸில் பி.எஸ்.எஃப் (பிரிட்டிஷ் நுண்மரை) மரை. 1950களின் நடுவிலிருந்து வந்த எம்.ஜி.ஏ போன்ற கார்களில் பெரும்பாலும் யூ.என்.எஃப் (யூனிஃபைடு நுண்மரை). கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். 5/16 அங்குலத்தில் பி.எஸ்.எஃப் அங்குலத்துக்கு 22 மரை, யூ.என்.எஃப் 24 மரை. மரையின் கோணம் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60. மரை கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தலையில் வட்டமான குழிவோ, ஒட்டி நிற்கும் சிறு வட்டங்களோ பொறித்திருந்தால் யூனிஃபைடு மரை என்று அர்த்தம். எந்த போல்ட்டையும் முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே விடுங்கள். விரலால் போகவில்லையென்றால் அது அந்தத் துளைக்குரியதல்ல.

பிரேக் குழாய் நட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பழைய பிரிட்டிஷ் காரில் 3/16 அங்குலக் குழாய்க்கு 3/8 யூ.என்.எஃப் நட்டு. இன்றைய கார்களில் அதே குழாய்க்கு எம்10 x 1. மரை இடைவெளி 1.06 மி.மீ, 1 மி.மீ என்று ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 3/8 என்பது 9.5 மி.மீ. எம்10 துளையில் 3/8 நட்டு சுகமாக ஏறிவிடும், இறுகியது போலவும் தெரியும். பெடலை ஓங்கி மிதிக்கும் அன்றைக்குப் பிய்த்துக்கொண்டு வரும். குழாய் நுனியின் விரிப்பும் இரண்டு விதம்: ஒற்றை விரிப்புக் குமிழ் போல முன்னால் புடைத்திருக்கும், இரட்டை விரிப்புப் புனல் போல உள்ளே குழிந்திருக்கும். எது உட்காரும் என்பதை எதிரே உள்ள இருக்கையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எம்.ஜி.பி ரோட்ஸ்டரில் இரு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பாகத்தைப் புதிதாக வைத்து வெல்டிங் முடிந்தது. இப்போது கதவு மூடவில்லை. பின் விளிம்பில் மேலே உரசுகிறது, கீழே விரல் நுழைகிறது. கீலைச் சரிசெய்தால் போதுமா?

போதாது. நீங்கள் சொல்லும் அடையாளம் ஒன்றைத்தான் காட்டுகிறது: கார் நடுவில் தொய்ந்துவிட்டது. முன் தூணும் பின் தூணும் மேலே நெருங்கி, கீழே விலகியிருக்கின்றன. கீலின் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) கதவைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். கோணலான வாசலை நேராக்காது.

இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. கூரையும் இல்லாததால் முதுகெலும்பாக நிற்பது இந்த சில்தான். அது ஒரு தகடு அல்ல, அடுக்கு. வெளிச் சில், நடுவே நிற்கும் தடுப்புத் தகடு, உட்சில், அடியில் காசில் ரயில் என்ற வரிப்பட்டை எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. இதை அறுத்த நிமிடத்தில் கார் தன் எடையாலேயே நடுவில் வளையும். வளைந்த நிலையில் வெல்டு வைத்தால் அப்படியே உறைந்துவிடும்.

வெல்டை அறுத்துத்தான் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். வருத்தமான பதில்தான், வேறு வழியில்லை. இந்த முறை இப்படிச் செய்யுங்கள். கார் சக்கரத்தில் நிற்கும்போது எடை எங்கே இறங்குமோ, அந்த இடங்களிலேயே, அதாவது முன் சஸ்பென்ஷனுக்கும் பின் ஆக்சிலுக்கும் அடியில் ஸ்டாண்டு வைத்து, மட்டம் பாருங்கள். கதவுகள் மாட்டியபடியே இருக்கட்டும். கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு உள்பக்கமாக ஒரு சதுரக் குழாயை வெல்டு வையுங்கள். கதவு மூடித் திறக்க அது இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஒரு பக்கத்தை அறுத்து, நடுவில் ஜாக்கி கொடுத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக, சுமார் 4 மி.மீ வரும்வரை மெல்லத் தூக்குங்கள். உள் அடுக்குகளை முதலில் முடித்து, வெளிச் சில்லை ஸ்க்ரூவாலும் கிளாம்பாலும் மட்டும் பிடித்துக் கதவைப் பத்து முறை மூடித் திறந்து பாருங்கள். திருப்தியான பிறகே வெல்டிங். அதுவும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு போட்டதுபோல் போகாமல், இங்கே ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு. சூடு ஒரே இடத்தில் தங்கினால் தகரம் சுருங்கி இழுக்கும். இந்தப் பக்கம் முழுதும் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொடலாம்.

வெளிச் சில் முன் ஃபெண்டருக்கு உள்ளேயும் பின் ஃபெண்டருக்கு உள்ளேயும் ஓடுகிறது. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின்னால் அடிப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் பயந்துதான் பலர் இரண்டு சக்கர வளைவுக்கும் நடுவில் மட்டும் மூடும் துண்டுச் சில்லைத் துருவின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகு, பலத்துக்குப் பூஜ்யம். வாங்கும் காரில் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தகடு வாங்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள். அசல் அச்சிலேயே அடித்த தகடுகள் எம்.ஜி.பி-க்கு இன்றும் வருகின்றன. விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் தயாரிக்கிறது. 1988ல் முழு பாடி ஷெல்லே வெளியிட்டவர்கள் அவர்கள். பார்த்துக் காப்பியடித்த தகட்டில் மடிப்பு முனை மழுங்கியிருக்கும், விளிம்பு இரண்டு மூன்று மி.மீ தள்ளி நிற்கும். அதைத் தட்டிச் சரிசெய்யும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அசலே மலிவு.

பெயின்ட் காய்ந்ததும் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சுங்கள். அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிட வேண்டாம்.

இரட்டை எஸ்.யூ. ஹெச்.எஸ்.4 கார்புரேட்டருக்குப் புது ஊசி, ஜெட், கேஸ்கெட் எல்லாம் போட்டேன். ஆனாலும் ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை. ஏறி இறங்குகிறது.

கிட்டில் வராத ஒரு பாகத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்: த்ராட்டில் தண்டு. தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்தால் அந்த வழியாகக் கள்ளக் காற்று நுழையும். ஸ்லோவில் ஓடவிட்டு, தண்டின் இரு முனையிலும் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சுங்கள். வேகம் மாறினால் அதுதான். புதுத் தண்டு மட்டும் போட்டால் பாதிதான் தீரும். துளையைக் குடைந்து புஷ் போட வேண்டும், அல்லது பருமன் கூடிய தண்டுக்கு ரீமர் ஓட்ட வேண்டும்.

அது சரியென்றால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். "டக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். மந்தமாக இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. நிலையான ஊசி வகையில் ஜெட்டைப் பிடிக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, ஜெட்டை மேலே தள்ளி, மேலே உள்ள டேம்பர் (எண்ணெயில் இயங்கும் தணிப்பான்) துளை வழியாகப் பென்சிலால் பிஸ்டனை அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். ஸ்பிரிங்கில் சாய்ந்து நிற்கும் ஊசிக்கு இந்த வேலை தேவையில்லை. இரண்டு கார்புரேட்டரின் பிஸ்டனையும் மூடியையும் கழுவும்போது கலந்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். அவை ஜோடியாகப் பொருத்தப்பட்டவை, மாற்றிப் போட்டால் இழுத்துப் பிடிக்கும்.

ஆரம்ப அமைப்பு: ஜெட்டைப் பாலத்தோடு (பிஸ்டனுக்கு அடியில் உள்ள மேடு) மட்டமாக்கி, ஜெட்டைச் சரிசெய்யும் நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை, கீழே இறக்குங்கள். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் லிங்கைத் தளர்த்தி, ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டிலும் காற்றின் சீறலைச் சமமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் தூக்குவதற்கென்றே உள்ள பின்னைக் கொண்டு முக்கால் மி.மீ அளவு தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணைந்தால் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரி. டேம்பரில் எஸ்.ஏ.இ 20 எண்ணெய், உள்ளீடற்ற தண்டின் மேல்விளிம்புக்கு அரை அங்குலம் மேலே நிற்கும் அளவு.

வால்வு இடைவெளியும் இக்னிஷனும் சரியான பிறகே இதில் கை வையுங்கள். இன்ஜினின் எல்லாப் பாவத்தையும் கார்புரேட்டர் தலையில் போடுவது பழைய வழக்கம்.

20 நிமிடம் ஓடியதும் இன்ஜின் பட்டென்று நிற்கிறது. ஆறினால் ஓடுகிறது. பாயின்ட், காயில், ரோட்டார் எல்லாமே புதிது.

எல்லாமே புதிது என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. பித்தளையை ரிவெட்டால் பிடித்த கறுப்பு ரோட்டார்களில் சில, சூடானதும் ரிவெட் வழியாக உள்தண்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடும். சோதனை எளிது. கார் நின்ற சூட்டிலேயே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் நடு வயரை இன்சுலேட்டட் இடுக்கியால் பிடித்து ரோட்டார் பித்தளைக்கு 3 மி.மீ மேலே நிறுத்தி, இன்ஜினைச் சுற்றவிடுங்கள். அருகில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. பொறி தொடர்ந்து பாய்ந்தால் ரோட்டார் ஓட்டை. ரிவெட் இல்லாத சிவப்பு வகையைப் போடுங்கள். ரோட்டார் நல்லதாக இருந்தால் அடுத்த சந்தேகம் கண்டன்சர். பழையதைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

கம்பிச் சக்கரம் போட்ட காரில் கிளட்சை விடும்போது பின்னால் "டொக்" என்று கேட்கிறது. புதுச் சக்கரம் வாங்கலாமா?

முதலில் ஹப்பைப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீங்கள் சக்கரத்தைச் சுழலும் திசையில் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பள்ளப்பல் (ஹப்பும் சக்கரமும் கோத்துக்கொள்ளும் பல்) தேய்ந்திருக்கிறது. ஹப்பின் பல் நுனி தட்டையாக இல்லாமல் கத்தி போலக் கூராகியிருந்தால் புதுச் சக்கரம் வாங்கியும் பயனில்லை. தேய்ந்த ஹப் அதையும் தின்றுவிடும்.

ஹப் வாங்கும் முன் ஸ்பின்னர் (சக்கரத்தை நடுவில் இறுக்கும் பெரிய நட்டு) மரையை எண்ணுங்கள். எம்.ஜி.பி-யில் அங்குலத்துக்கு 12 மரை, 8 மரை என இரண்டு வகை உண்டு. காரின் வலப்பக்கம் இடதுமரை, இடப்பக்கம் சாதாரண மரை. மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தானாகக் கழலும். சாதாரணத் தகட்டுச் சக்கர எம்.ஜி.பி-யைக் கம்பிச் சக்கரத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பிச் சக்கர காரின் பின் ஆக்சிலே அகலம் குறைவு. ஹப்பை மட்டும் மாற்றினால் டயர் ஃபெண்டரில் உரசும்.

பழைய இருப்பில் பெட்டி பிரிக்காத அசல் பாகங்கள் கிடைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

இரும்பு, பித்தளை, வார்ப்பு என்றால் வாங்கலாம், துருவை மட்டும் பாருங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். 40 வருடம் பெட்டிக்குள் கிடந்த பிரேக் சீல் பார்க்கப் புதிதாக இருக்கும், மடித்தால் வெடிக்கும். பிரேக் சிலிண்டர் அசலாகக் கிடைத்தால் உடம்பை வைத்துக்கொண்டு சீலை மட்டும் புதிதாகப் போடுங்கள். உட்சுவரில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அந்த உடம்பும் உதவாது.